வரத்து

திருத்துறைப்பூண்டி, ரயிலடிப் பக்கம், மாடியில் ஸ்டுடியோ.
கீழே உரக்கடை. எங்கள் மைக்குகளுக்கெல்லாம்
யூரியா வாசனை தெரியும்.

வைரக்கண்ணு வந்தார், ஆற்றுப்பிரிவு லஸ்கர்.
மதகுச் சாவி இடுப்பில், போன் சட்டைப்பையில்.
போனுக்குள் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி:
ஜூன் கடைசியில், இரவு இரண்டே முக்காலுக்கு,
ஆறாம் நம்பர் மதகைத் தாண்டி
கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த சத்தம்.

துறை ஒரு படம் எடுக்கிறதாம்.
திருச்சியில் அதை வெட்டி ஒட்டுகிற மேஜை
இருபத்தைந்து வருஷத்துப் பழசு.
எம்பி த்ரீ என்றால் முகம் திருப்பிக்கொள்ளும்.
சவுண்ட் டிசைனர் டூ, நாற்பத்தெட்டாயிரம், பதினாறு பிட்,
இல்லையென்றால் வரவேண்டாம் என்று
தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்,
சிவப்பு மையில், கீழே சுழித்த கையெழுத்தோடு.

"மாத்திடலாமா?"
மாற்றிவிடலாம்.

முதல் தடவை வேகத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன்.
பதிவில் இருந்த அவருடைய இருமல்
ஒரு சின்னப் பையன் இருமலாகிவிட்டது.
சிரித்தார். "அந்த வயசுலயும் நான் மதகுலதான் கெடந்தேன்."

இரண்டாம் தடவை பென் டிரைவில் எடுத்தேன்.
அந்த வகைக் கோப்புக்கு உடல் ஓரிடம், தலையெழுத்து ஓரிடம்.
பென் டிரைவ் உடலை மட்டும் கொண்டுவந்து கிடத்தியது,
பத்தே முக்கால் எம்பி,
தான் யாரென்று சொல்லத் தெரியாமல்.

மூன்றாம் தடவை பழைய மேக்கிலேயே சிடியாகச் சுட்டேன்.
பெயர் கேட்டது. வைரக்கண்ணு என்று தமிழில் அடித்தேன்.
பத்துக் கேள்விக்குறி வந்தது.
அழித்துவிட்டு மதகு எண்ணும் தேதியும் போட்டேன்.
அதை ஒத்துக்கொண்டது.

"எம்மாம் பெருசாயிருக்கு!" என்றார் திரையைப் பார்த்து.
தொள்ளாயிரம் கேபியாக வந்தது
பன்னிரண்டு மடங்கு ஆகியிருந்தது.
"அப்ப விட்டுப்போனதெல்லாம் திரும்பி வந்துடுச்சா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு வாய் வறளும்.
ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

தூரத்து வயலில் யாரோ டீசல் என்ஜின் ஓட்டுகிறார்கள்.
போன் அதை நன்றாகவே வாங்கியிருக்கிறது.
உரக்கப் பேசுகிறவன் பக்கத்தில் நிற்கும்
மெல்லிய குரல்காரனை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று
கணக்குப் போட்டு, அவனை
வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

வெடித்த மண் முதல் வாய் குடிக்கிற சொடுக்கு,
சருகைத் தள்ளிக்கொண்டு வரும் நுரையின் முறுமுறுப்பு,
வளைக்குள் தண்ணீர் இறங்கும்போது
நண்டு ஒரு சத்தம் போடுமாம், அவர் சொன்னார்,
எல்லாம் என்ஜினுக்குக் கீழே இருந்தவை.
எதுவும் இல்லை.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.
ஒரு நிமிடம் பத்தாவது நொடியில்
மேஜையை ஒரு விரலால் தட்டினார்.
"இங்க. இங்கதான் வந்துச்சு."
எனக்கு என்ஜின்தான் கேட்டது.
இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு குறி வைத்தேன்.

ஹெட்போனைக் கழற்றினார்.
"வாய்க்கால பன்னெண்டு மடங்கு அகலமா வெட்டுனா
தண்ணி பன்னெண்டு மடங்கு வந்துடுமா என்ன"
என்றார். என்னிடம் கேட்டதுபோல் இல்லை.

சிடி உறையில் குறிப்புக்கு ஒரு கோடு உண்டு. எழுதினேன்:
மூலம் சுருக்கப்பட்டது. இழப்பு மூலத்திலேயே.
எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.
"எங்க ரெஜிஸ்டர்லயும் ரெண்டு கட்டம் இருக்கும்மா.
திறந்தது, சேர்ந்தது.
ரெண்டும் ஒண்ணா இருந்த நாளே கெடையாது.
ரெண்டையும் எழுதித்தான் ஆகணும்."

போன் அடித்தது. முறை மாறுகிறது,
பலகையை இறக்க வேண்டும்.
எழுந்தபடியே இருநூறு ரூபாயை நீட்டினார்,
ஆபீசில் காட்ட ரசீது கேட்டார்.

ரசீதில் ஒரு கட்டம்தான் இருந்தது.